நாற்பது சதவீத முதுகு

ஆடிப் பதினெட்டு அன்று, நூற்று நாற்பதாவது பரோட்டாவுக்கும் நூற்று நாற்பத்தொன்றாவது பரோட்டாவுக்கும் நடுவில் என் டிஸ்க் விலகியது. நான் வீசிய மாவு இன்னும் காற்றில் விரிந்துகொண்டிருந்தது. நான் அதற்குள் தரையில் கிடந்தேன். மாவு என் தலைமேல்தான் வந்து விழுந்தது. ஓடிவந்தவர்கள் முதலில் மாவை எடுத்தார்கள், அப்புறம் என்னை எடுத்தார்கள். அதில் தப்பில்லை, வீச்சுக்கு ஆர்டர் கொடுத்தவர் வெகுநேரமாகக் காத்திருந்தார்.

என் பெயர் சோணைமுத்து. மதுரை செல்லூரில் தங்கமாரியப்பன் அண்ணாச்சி கடையில் பத்தொன்பது வருடமாகப் பரோட்டா மாஸ்டர். நிலாவில் ஓட்டல் கட்டுகிறார்கள், கார் தானாக ஓடுகிறது, ஆனாலும் பரோட்டாவை இன்றைக்கும் மனிதன்தான் போடுகிறான். நடுவில் அண்ணாச்சி ஒரு இயந்திரக் கையை வாங்கி வைத்தார். அது காம்பஸ் வைத்தது போல வட்டமாகப் போட்டது. தின்றவர்களில் ஒருவரும் மறுநாள் வரவில்லை. மூன்றாம் வாரம் அந்தக் கை கடைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. ஒரு பரோட்டாக் கல்லுக்கு ஒரு கைதான், அது என் கைதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும் என்றார்கள். அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்.

"தீபாவளிக்கு மொத நாளு நீங்க கல்லுல நிக்கணும் மாஸ்டர். அதுவரைக்கும் தூத்துக்குடியிலேர்ந்து ஒரு ஆளை வரச்சொல்லிருக்கேன். அன்னைக்கு நீங்க வரலைன்னா கல்லு அவனுக்குத்தான். வருத்தப்படாதிய."

வருத்தப்படாமல் என்ன செய்வது. கல் போய்விட்டால் நான் யார்? மீசை வைத்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அஃப்ரின் என்ற பொண்ணு எங்கள் வீட்டுக்கு வந்தது. பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பையிலிருந்து இரண்டு நீல பெல்ட்டுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல. பக்கிளில் மட்டும் சின்ன ஸ்டிக்கர்: ஒன்றில் 'கொடுப்பவர்', இன்னொன்றில் 'பெறுபவர்'.

"வலியை மருந்து போட்டு அமுக்குனா, மறுநாள் மூணு மடங்காத் திரும்பி வருதுண்ணே. இன்னொரு ஆளு நரம்புல கொண்டுபோய் எறக்குனா அடங்கிருது. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"கண்டுபிடிச்சவருக்குமா?"

"அவரு அவார்டு வாங்கப் போயிருக்காரு."

"அப்ப முழுசா எறக்கிவிட்ற வேண்டியதுதானே" என்றேன்.

அஃப்ரின் என்னையும், கதவருகே நின்ற என் மனைவி பாண்டீஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தது.

"முழுசா எறக்குனா மூணாம் நாளே நீங்க மைதா மூட்டையைத் தூக்குவீங்க, டிஸ்க் திரும்ப வெளிய வரும். எறக்காமலே விட்டா மூணு மாசமும் படுத்தே கெடப்பீங்க, முதுகுல இருக்குற சதையும் கரைஞ்சுரும். ரெண்டும் ஆகாது. அறுபது உங்ககிட்டயே இருக்கட்டும். எப்பப் படுக்கணும், எப்ப நடக்கணும், எங்க நிறுத்தணும்னு அது சொல்லிக்குடுக்கும். மிச்ச நாப்பதை வீட்ல யாராச்சும் வாங்கிக்கணும்."

வீட்டில் யாராச்சும் என்றால் பாண்டீஸ்வரிதான். மகள் கோயம்புத்தூர் விடுதியில் படிக்கிறாள். பாண்டீஸ்வரிக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைக்கும் வேலை. இருநூறு பிள்ளைகளுக்குப் பொங்கலும் சாம்பாரும் இறக்கிவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு மதியம் வீட்டுக்கு வருவாள். வந்து மறுபடி சமைப்பாள்.

அஃப்ரின் ஒரு படிவத்தைத் திறந்து அவளிடம் கேள்விகள் கேட்டது. சர்க்கரை உண்டா, இல்லை. பிரஷர் உண்டா, இல்லை. முதுகுவலி உண்டா, இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. சரியான ஆளிடம்தான் என் வலி போகிறது.

பெல்ட்டைக் கட்டிப் பொத்தானை அழுத்தியதும் என் இடுப்பிலிருந்து யாரோ ஒரு கடப்பாரையை உருவியது போல இருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். பாண்டீஸ்வரி என்ன பாடுபடுகிறாளோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எப்படி இருக்கு?"

"ஆன்ல இருக்கா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

அஃப்ரின் கையிலிருந்த மானிட்டரைப் பார்த்தது. ஆனில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நாற்பத்தைந்துக்கு ஏற்றிப் பார்த்தது.

"ம், இப்பத் தெரியுது. லேசா எறும்பு ஊர்ற மாதிரி."

எறும்பு. ஆறடி ஆளைத் தரையில் சாய்த்த என் வலி அவளுக்கு எறும்பு. மரியாதை தெரியாத முதுகு என்று நினைத்துக்கொண்டேன். நான்கு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அதற்கப்புறம் என் ஒழுக்கம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிடம் படுக்க வேண்டும், பத்து நிமிடம் நடக்க வேண்டும், கனம் தூக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. இரண்டாம் நாளே உடம்பு லேசாக இருந்ததால், எதிர்வீட்டுக்காரர் பார்க்க ஒரு கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிப் போனேன். மூன்றாம் படியில் போன் அடித்தது.

"என்னத்தத் தூக்குறீங்க?" பள்ளிக்கூடத்திலிருந்து பாண்டீஸ்வரி.

"ஒண்ணும் தூக்கலையே."

"எறக்கி வைங்க."

அதற்கு நான்கு நாள் தண்டனை அனுபவித்தேன். பிறகு பயந்துபோய் ஒன்பது நாள் பாய் விரித்தபடி கிடந்தேன். அதற்கும் போன் வந்தது. "படுத்தது போதும், எந்திரிச்சு நடங்க. இடுப்பு மரக்கட்டையாட்டம் பிடிச்சுக்கிட்டு வருது, இங்க எனக்குல்ல தெரியுது." கழிப்பறையில் கூட எனக்குத் தனிமை இல்லை. என் முதுகு எனக்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இப்படி அவள் அதட்ட அதட்ட, படுக்கையும் நடையும் ஒரு ஒழுங்குக்கு வந்தன. புரட்டாசி பிறந்தபோது தெரு முனை டீக்கடை வரை போய்வந்தேன். அது முடியும்போது வைகைப் பாலம் வரை போய்வந்தேன். கல் எனக்குத்தான் என்று அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பினேன்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

பத்தொன்பது வருடமாக ஆயுத பூஜைக்குக் கல்லைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுகிறவன் நான். இந்த வருடம் என் கல்லுக்குத் தூத்துக்குடிக்காரன் பொட்டு வைப்பான். எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் எனக்கென்று என்ன ஆயுதம் இருக்கிறது? இரண்டு பெல்ட்டும்தான். நானே குனிந்து, ஆமாம், வலிக்காமல் குனிந்து, பெல்ட்டுகளை மணையில் வைத்தேன். பாண்டீஸ்வரியின் அரிவாள்மணை, மிக்ஸி, அவளுடைய கரண்டிகள் எல்லாம் சுற்றி இருந்தன. கல்லுக்குப் பூசிப் பழகிய கை அல்லவா, சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன், அதுவும் பக்கிள் மேல், பளிச்சென்று தெரிகிற இடத்தில். நடுவில் குங்குமம். ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு. எங்கள் இருவர் இடுப்பும் அன்று சும்மா இருந்தது.

விஜயதசமிக் காலையில் நானே ஒரு பெல்ட்டை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டேன். இன்னொன்றை நான் கட்டிக்கொண்டேன். சாமிக்கு வைத்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

அடுத்த பள்ளிக்கூட நாள், காலை ஆறு நாற்பதுக்கு மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு வெட்டு. கடப்பாரை திரும்ப வந்துவிட்டது. கூடவே தம்பியையும் அழைத்து வந்திருந்தது. சும்மா படுத்திருந்தவனுக்கு வெட்டு என்றால், படுப்பதுதான் கெடுதி என்று முடிவு செய்தேன். எழுந்து நடக்க ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கு, பாலத்தில் பாதி தூரத்தில், இன்னொரு வெட்டு. சரி, நடப்பதும் கெடுதி. உட்கார்ந்தேன். நாலு மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே குத்தியது. மனிதன் செய்யக்கூடிய மூன்று காரியங்களும் கெடுதி என்றால் நான் தொங்கத்தான் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் பாண்டீஸ்வரி. போன் வருவதே நின்றுவிட்டது. நான் வேண்டுமென்றே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தேன், அப்போதும் போன் இல்லை. மூன்று மாதத்தில் புருஷன் சலித்துப் போய்விட்டான் போல. அதோடு விட்டாளா, பாட்டு வேறு. பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டே தேய்த்தாள். கல்யாணமான புதிதில் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தாள். நான் கீழே கட்டிலைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் மேலே பாடிக்கொண்டிருக்கிறாள்.

"மனுசன் இங்க சாகுறேன், உனக்குப் பாட்டு கேக்குதா?"

"ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்று இறங்கி வந்து தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே முனகினாள்.

சும்மா இருக்கக் கூடாதென்று நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் வலி வரும் நேரங்களை எழுத ஆரம்பித்தேன். இது ஒரு புதிய நோய், இதற்கு என் பெயரை வைப்பார்கள் என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அஃப்ரின் வந்தது. மறுநாள் நான் கல்லில் நிற்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் புலம்ப ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு, பாண்டீஸ்வரி அதிரசத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூஜையிலேர்ந்து பதினேழு நாளும்மா. படுத்தாலும் வருது, நடந்தாலும் வருது. இந்தா, எல்லாம் எழுதி வச்சுருக்கேன்."

அஃப்ரின் தாள்களை வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தது. "திங்கள் ஆறு நாப்பது. பதினொண்ணு. நாலு. செவ்வாய் ஆறு நாப்பது, பதினொண்ணு, நாலு. இது என்னண்ணே, பஸ் டைம் மாதிரி இருக்கு? சனிக்கிழமை காலைல வரவே இல்லியா?"

"சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவுல்ல" என்றாள் பாண்டீஸ்வரி, சல்லடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஆறு நாப்பதுக்கு நான் பொங்கல் அண்டாவை எறக்குவேன். பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவுறது. நாலு மணிக்குத் தண்ணி புடிக்கிறது." அடுத்த தாளைத் திருப்பினாள். "இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் விடாமன்னு எழுதிருக்கீங்க. அன்னைக்குத்தான் நான் பரணைத் தொடச்சேன்."

அஃப்ரின் என் பெல்ட்டைக் கழற்றியது. வலி நின்றது. குறையவில்லை, நின்றது.

"குனிங்கண்ணே."

குனிந்தேன். கால் விரலைத் தொட்டேன். என் கால் விரலை நானே தொட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கும். அஃப்ரின் வலி இருந்தால் கத்துகிற ஒரு கருவியை எடுத்து, என் இடுப்பில் வைத்து மேலும் கீழும் நகர்த்தியது. ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு என் பெல்ட்டின் பக்கிளில் காய்ந்து இறுகிப்போயிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டியது. குங்குமத்துக்கு அடியில் 'பெறுபவர்' என்று இருந்தது.

"யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க முதுகு எப்பவோ ஆறிருச்சு. பூஜைக்கு முன்னாடியே ஆறிருக்கும். பதினேழு நாளா உங்களுக்கு வந்தது உங்க வலி இல்ல."

அப்புறம் அது பாண்டீஸ்வரியின் பெல்ட்டைக் கழற்றியது. நின்றுகொண்டிருந்தவள் கதவு நிலையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முகம் அப்படியே இருந்தது, கை மட்டும் நிலையை விடவில்லை. அவள் இப்படி உட்காருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெண்கள் இப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அஃப்ரின் அவள் இடுப்பில் கருவியை வைத்தது. அது கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"எத்தனை வருசமா அக்கா?"

"தெரியல. ஒம்பது இருக்கும். ஒருவாட்டி அண்டாவோட வழுக்குனேன், அதிலேர்ந்து."

"முதுகுவலி உண்டான்னு படிவத்துல கேட்டேனே. இல்லைன்னீங்களே."

"எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு நெனச்சேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

கடப்பாரையும் தம்பியும் என்று நான் அலறியது நாற்பது சதவீதம். மிச்ச அறுபதை வைத்துக்கொண்டு இவள் பாடியிருக்கிறாள். அறுபதே அவளுக்குப் பாட்டு வருகிற அளவுக்கு லேசாக இருந்திருக்கிறது. எனக்குத் தைலம் தேய்த்துவிட்ட கை அவளுடைய வலிக்குத்தான் தேய்த்திருக்கிறது, அதுவும் என் முதுகில்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்தேன். பரோட்டா போடப் போயிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

"பதினேழு நாளா நல்லாத் தூங்குனேன்" என்றாள், என் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டது போன்ற குரலில். "உங்களைப் போட்டுப் படுத்திருச்சு. எனக்குத் தெரியாமப் போச்சு."

அஃப்ரின் பெல்ட்டுகளைச் சுருட்டப் போனது. "அக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுக்கணும். இன்னைலேர்ந்து இருபது நிமிசம் படுக்கணும், பத்து நிமிசம் நடக்கணும், கனம் தூக்கக் கூடாது. முழுசாப் படுத்தே கெடக்கவும் கூடாது. ஆறு மாசம் ஆகும்."

"அண்டாவை யாரு எறக்குறது?"

"நான் எறக்குறேன்" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆறரை மணிக்கு வர்றேன். கடை சாயங்காலம்தானே. ஏம்மா, அந்தப் பெல்ட்டைச் சுருட்டாத. இதுல அதிகமா எம்புட்டு வைக்கலாம்?"

"அம்பது. அதுக்கு மேல மெஷின் விடாது. ஆனா அண்ணே, நாளைக்கு நீங்க கல்லுல நிக்கணும். அம்பதை வாங்கிக்கிட்டு அஞ்சு மணி நேரம் பரோட்டா அடிக்க முடியாது. உங்க முதுகு தாங்கும், நீங்க தாங்க மாட்டீங்க."

"வலி பாதியாக் கொறைஞ்சுருச்சேன்னு அவ இழுத்துப்போட்டு வேலை செஞ்சா?"

"அக்காவுக்கு அடக்கம் இருக்கு. சிலிண்டரைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் காட்ட மாட்டாங்க."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வர்றேன் அண்ணாச்சி. ஆனா ரெண்டரை மணி நேரந்தான். மிச்சத்துக்குத் தூத்துக்குடிக்காரரு நிக்கட்டும். ஆறு மாசத்துக்கு."

"ஒரு கல்லுக்கு ரெண்டு கையா? நீங்கதானய்யா ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லுதிய?"

"நாந்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன்."

போனில் அண்ணாச்சிக்குப் பின்னால் இயந்திரக் கை வெங்காயம் உரிக்கும் சத்தம் கேட்டது. "தை வரைக்கும் பாப்போம் மாஸ்டர். ஆளுக்கு ஒரு ருசியா இருக்குன்னு யாராச்சும் சொன்னா, கல்லு அவனுக்குத்தான்."

"சரி அண்ணாச்சி."

போனை வைத்தேன். பத்தொன்பது வருடக் கல். தை மாதம் அது என்னுடையதாக இருக்குமா என்று தெரியவில்லை. பாண்டீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இதெல்லாம்? ஒம்பது வருசம் ஓட்டியாச்சு. கழட்டி அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க."

"நீ பேசாம உக்காரு."

அஃப்ரின் இரண்டு பக்கிளையும் ஈரத்துணியால் துடைத்தது. ஸ்டிக்கரை இரண்டு தடவை சத்தமாகப் படித்தது. கொடுப்பவரை அவளுக்குக் கட்டியது, பெறுபவரை எனக்கு. ஐம்பதில் வைத்துப் பொத்தானை அழுத்தியது.

அண்டாவை யாரும் தூக்கவில்லை. பாண்டீஸ்வரி சும்மாதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதில் பாதியே என் கண்ணை இருட்டச் செய்தது. தாடையை இறுக்கிக்கொண்டேன். கட்டில் சட்டத்தைப் பிடிக்கப் போன கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எதிரே அவள் தோள் மெல்ல இறங்கியது. கதவு நிலையைப் பிடித்திருந்த கை அதை விட்டது. விட்ட கை நேராகப் பக்கிளுக்குப் போனது, கழற்றுவதற்கு. என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அஃப்ரின் பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா," என்றேன், "ஆன்ல இருக்கா?"